தண்ணீருக்கு மேலா, கீழா?

எங்கள் கடையில் எந்தப் பொருளையும் கேட்ட உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், கார்ப்பரல் சூரெட். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. 'ஆரம்பத்திலிருந்து, எதையும் விடாமல் சொல்லுங்கள்' என்று கேட்டீர்கள். அப்படிக் கேட்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். காபியை ஊற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் கதவைத் தட்டியபோதுதான் படகுகள் கிளம்பின. இந்தச் சமையலறை ஜன்னலிலிருந்து கடைசிப் படகு முனை திரும்புவதை நீங்களும் பார்த்தீர்கள். சீசனின் முதல் நாள், சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளைக் கடலில் இறக்கும் நாளில் ஸ்பிண்ட்லர் குடாவில் வேறு எந்த வேலையும் நடக்காது. நமக்கு நேரம் இருக்கிறது.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் அந்தப் போலீஸ் முத்திரை போட்ட பிளாஸ்டிக் பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கடை.

வென்ட்ஸெல் படகுச் சாமான் கடை என்று பலகையில் இருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'ஆப்ரி கிட்ட போயிட்டு வர்றேன்' என்பார்கள். ஆப்ரி என் அப்பா. அவருக்கு முன் அவருடைய அப்பா, அவருக்குப் பின் நான். உள்ளே நுழைந்தால் முதலில் தார் வாசனை, அப்புறம் சணல், அப்புறம் அடுப்பில் எரியும் பிர்ச் விறகு. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொரு இழுப்பறையின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொருளில் ஒன்றைத் திருகி வைத்திருப்போம். எழுத்துப் படிக்க வேண்டியதில்லை. மின்சாரம் போன நாளிலும் அப்பா விரலால் தடவியே சரியான கொக்கியை எடுத்துக் கொடுப்பார்.

கயிறுகள் கடையில் இருக்காது. கீழே நிலவறையில் பெரிய சுருள்களாக இருக்கும். தரையில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு கயிற்றின் நுனி எட்டிப் பார்க்கும். எது வேண்டுமோ அதன் நுனியைப் பிடித்து இழுத்தால் கிணற்றிலிருந்து வருவது போல வந்துகொண்டே இருக்கும். மேசை ஓரத்தில் அடித்த ஆணிகளுக்கு நேராக வைத்து அளப்போம். அளந்து முடித்ததும் அப்பா இன்னும் ஒரு கை நீளம் விட்டுத்தான் வெட்டுவார். 'இது முடிச்சுக்கு' என்பார். முடிச்சு போட்டால் கயிறு குறையும் அல்லவா, அதை வாங்குகிறவன் யோசித்திருக்க மாட்டான். அவனுக்காக நாங்கள் யோசிப்போம்.

இனி அந்தக் கேள்வி. ஒரு திருகு கேட்டாலும், ஒரு குழாய் கேட்டாலும், அப்பா முதலில் கேட்பது: "தண்ணிக்கு மேலயா, கீழயா?"

காரணம் எளிமையானது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் கடலுக்குத் துத்தநாகம் பிடிக்கும். பித்தளையைத் தண்ணீருக்குக் கீழே வைத்தால், கடல் அதிலிருக்கும் துத்தநாகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். செம்பு அப்படியே நிற்கும். உருவம் மாறாது, திருகு மரை கூடத் தேயாது. நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து பல் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாகும். உள்ளே எல்லாம் பஞ்சு. அடித்தால் பிஸ்கட் போல உடையும். பெயின்ட் அடித்துவிட்டால் நிறமும் தெரியாது.

மேசைக்கு மேலே அப்பா அப்படி ஒரு பித்தளை வால்வைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். யாராவது 'எதுவா இருந்தா என்ன' என்று சொன்னால், அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் கிள்ளி உடைத்து அவர் கையில் வைப்பார். வருடக்கணக்கில் கிள்ளிக் கிள்ளி அது பாதியாகிவிட்டது. எங்கள் வாடிக்கைக்காரர்கள் யாருடைய படகும் வால்வு உடைந்து மூழ்கியதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு கடை சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்சினை. ஒன்றும் ஆகாமல் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

அப்பா போன பிறகு கடை மெல்ல மெல்ல வற்றியது. நகரத்தில் அந்தப் பெரிய கடை வந்தது. ஒரு நாள் மாலை அடுப்பை அணைத்தேன், மறுநாள் பற்ற வைக்கவில்லை. கட்டடத்தை டொராண்டோவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி வாங்கி, காபிக் கடையாக்கினார்கள். நல்லவர்கள். எங்கள் பலகையை எடுக்கவில்லை. இழுப்பறைகளை அப்படியே வைத்து, அவற்றில் சர்க்கரைப் பொட்டலங்களைப் போட்டார்கள். தரைத் துளைகளைக் கண்ணாடி வைத்து மூடி உள்ளே விளக்குப் போட்டார்கள். கோடையில் நம் ஊர்க்காரர்களே அங்கே உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, 'என்ன கடை அது, என்ன கடை' என்று பெருமூச்சு விடுவார்கள். கடை திறந்திருந்த கடைசி வருடங்களில் அவர்களில் பாதிப்பேர் கதவைத் திறந்ததில்லை.

இதற்காக நான் கோபப்பட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் கோபப்படுகிறவன் இல்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன வருடம், வசந்தத்தில், தீயணைப்புக் கூடத்தில் கடைக்காக ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பழைய புகைப்படங்கள், ஊற வைத்த ஹெர்ரிங் மீன், பிஸ்கட், தேநீர். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அன்று எல்லோரையும் சிரிக்க வைத்தது கார்னெட் ஹெர்ட்டில்தான். அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் மகன் லயலுக்கு நான்தான் ஞானத்தந்தை. தேவாலயத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி வாக்குக் கொடுத்தவன்.

"ஆப்ரி கிட்ட ஒரு திருகு வாங்கப் போறதும் பொண்ணு கேட்டுப் போறதும் ஒண்ணு" என்றான் கார்னெட். "எந்தப் படகு, எவன் கட்டினான், மேலயா கீழயா, உங்கம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு... எல்லாத்துக்கும் பதில் சொன்னாதான் திருகு கைக்கு வரும். நான் ஆர்டித்தைக் கட்டிக்கிட்டப்போ அவங்கப்பா கூட இவ்வளவு கேக்கலய்யா!"

"எங்கப்பா கேட்டிருக்கணும்!" என்று பின்வரிசையிலிருந்து அவன் மனைவி ஆர்டித் கத்தினாள். கூடமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். பிறகு அவன் குரல் உடைந்தது. "அந்தக் கடை மட்டும் இருந்திருந்தா..." என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மற்றவர்களும் துடைத்துக்கொண்டார்கள்.

தேநீர் மேசையருகே அவனைக் கேட்டேன். "இப்ப சாமானெல்லாம் எங்க வாங்குற?"

"அந்தப் பெரிய கொட்டகைக் கடைதான். வேற எங்க?"

"நான் திறந்திருக்கும்போதே அங்கதான போன?"

அவன் சங்கடப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என் தோளில் கை போட்டு, வாயில் பிஸ்கட்டோடு சொன்னான். "தப்பா எடுத்துக்காதடா ஹாலிஸ். உன் கடை முன்னாடி வண்டிய நிறுத்த இடமே இல்லையே."

நேர்மையான பதில். அன்றிரவு நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் அவர்கள் கடைக்கு வராமல் போனதற்குக் காரணம் என்று ஒன்று இருக்குமானால், பெரியதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கடை மூடிய பிறகு நான் படகுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சீசனுக்கு முன் படகைக் கரையேற்றி, அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்து, வால்வுகளை மாற்றுவது. அந்த இலையுதிர் காலத்தில் கார்னெட் ஒரு பையோடு வந்தான். பெரிய கடையின் பை. உள்ளே புது வால்வு. "மாட்டிக் குடுடா, உன் கைதான் ராசி" என்றான்.

அந்த வால்வு என்ன செய்யும் என்பதை விளக்குகிறேன். டீசல் எஞ்சின் சூடாகும். அதைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். அதற்காகப் படகின் அடியில் வேண்டுமென்றே ஒரு துளை போட்டிருப்பார்கள். துளையில் இந்த வால்வு, அதன் மேல் ஒரு ரப்பர் குழாய். அதாவது உள்ளே இருக்கும் மனிதர்களுக்கும் வெளியே இருக்கும் அட்லாண்டிக்குக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு உலோகத் துண்டு. நான் அதை எப்போதும் வியந்திருக்கிறேன்.

அந்தப் புது வால்வை அரத்தால் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். பித்தளையாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்திருந்தால் எல்லாம் சுலபமாகியிருக்கும். கார்னெட்டைக் கூப்பிட்டு, அப்பா செய்தது போல உடைத்துக் காட்டி, 'பாத்தியா' என்று கேட்டிருப்பேன். ஆனால் அது வெண்கலம். நல்ல வெண்கலம். வண்டி நிறுத்த இடம் வைத்து, கேள்வி எதுவும் கேட்காமல், பெரிய கடை அவனுக்குச் சரியான பொருளைத்தான் கொடுத்திருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சரியான பொருள்தான், கார்ப்பரல், என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய அநியாயம்.

அப்பா தொங்கவிட்டிருந்தது மாதிரி இன்னும் சில என் வீட்டு நிலவறையில் இருந்தன. பழைய பித்தளைகள், வருடக்கணக்காக உப்பு நீரில் போட்டு வைத்தவை. நினைவுக் கூட்டத்துக்கு அப்புறம் அவற்றைச் சீக்கிரம் பழுக்க வைக்கவும் வழி செய்திருந்தேன். ஏன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்றை எடுத்து, துடைத்து, பெயின்ட் அடித்து, கார்னெட்டின் படகில் மாட்டினேன். அவனுடைய நல்ல வால்வைக் கழுவி வீட்டில் ஒரு இழுப்பறையில் வைத்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துச் செல்லலாம்.

என் எண்ணம் இதுதான். படகு கட்டுத்துறையில், காபிக் கடைக்கு நேர் எதிரே, ஒரு அமைதியான காலையில் மெல்ல மூழ்கும். யாருக்கும் எதுவும் ஆகாது. எல்லோரும் கோப்பையோடு வெளியே வந்து பார்ப்பார்கள். உடைந்த துண்டை நான் தூக்கிக் காட்டுவேன். அவர்களுக்கு அப்பாவின் கேள்வி நினைவுக்கு வரும்.

நீங்கள் புருவத்தை உயர்த்துகிறீர்கள். கேட்கப்போவது தெரியும். கட்டுத்துறையில்தான் மூழ்க வேண்டும் என்றால், ஏன் கூடு இறக்கும் நாளுக்கு முந்தின வாரம் மாட்டினீர்கள் என்று. அந்த வாரம்தான் அவன் படகைக் கொண்டு வந்தான். அவ்வளவுதான்.

கட்டி வைத்த படகில் வால்வுக்கு அசைவில்லை, உடையாது என்பதும் உண்மைதான். எஞ்சின் முழு வேகத்தில் அதிர வேண்டும், பாரம் ஏற வேண்டும், அலை அடிக்க வேண்டும். வருடத்தில் ஒரே ஒரு நாள் இந்த மூன்றும் ஒன்றாக வரும். அன்று ஒவ்வொரு படகிலும் கூடுகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்பார்கள். எஞ்சின் அறையின் மூடி அந்த அடுக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். இந்த ஊரில் எல்லோரும் செய்கிற தவறு அது. இடம் போதாது, என்ன செய்வது. உள்ளே தண்ணீர் ஏறினால் எச்சரிக்கை மணி அடிக்கும், பம்ப் ஓடும், ஆனால் போய் வால்வைத் தொட முடியாது. அப்பா இதைப் பற்றி ஒவ்வொரு வருடமும் எச்சரிப்பார். 'மூடிய விட்டுட்டு அடுக்குங்கடா' என்பார்.

நான் அன்று துறையில் நின்று கார்னெட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் யாராவது ஒருவருடைய கயிற்றை அவிழ்ப்பது வழக்கம். "டேய் ஹாலிஸ், இந்தத் தடவை முதல் சிங்கி இறால் உனக்குத்தான்" என்றான். மதியத்துக்குள் மூழ்கியது. கூடப் போயிருந்த லயலைப் பக்கத்துப் படகுக்காரர்கள் உயிரோடு இழுத்தார்கள். கார்னெட்டை மறுநாள்தான்.

அதற்கப்புறம் நடந்தது நான் நினைத்தபடியே நடந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. 'பெரிய கடைச் சாமான், வேற எப்படி இருக்கும்' என்று ஊரே பேசியது. அடக்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். அப்பாவின் கேள்வியைப் பற்றிப் பேசினேன். ஆர்டித் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடையத் திறங்க ஹாலிஸ். இன்னொரு வீட்டுல இப்படி ஆகக் கூடாது" என்றாள்.

வசந்தத்தில் திறந்தேன். மீனுக்கான இரை வைத்திருந்த ஒரு பழைய கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அடுப்புப் போட்டு, கயிற்றுக்குத் துளைகள் போட்டு. திறப்பன்று நாடாவுக்குப் பதில் ஆர்டித் ஒரு கயிற்றை வெட்டினாள். "கார்னெட் இருந்திருந்தா முதல் ஆளா வந்திருப்பாரு" என்று அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கோடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் கடைப் பெஞ்சில் இடம் கிடைக்காது. ஒவ்வொருவரும், நான் கேட்பதற்கு முன்பே, "கீழ, ஹாலிஸ், கீழ" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். முடிச்சுக்கு ஒரு கை நீளம் விட்டு வெட்டுவேன். என் வாழ்க்கையிலேயே நல்ல கோடை அது. கார்னெட் கொடுத்தது என்றே சொல்வேன்.

ஆகஸ்டில் பெஞ்ச் காலியானது. நினைவு அவ்வளவு நாள்தான் தாங்குகிறது. செப்டம்பரில் லயலின் வண்டிக்குப் பின்னால் ஒரு பெட்டியைப் பார்த்தேன். பெரிய கடையின் பெயர் போட்ட பெட்டி. அவன் அப்பாவின் காப்பீட்டுப் பணத்தில் புதுப் படகு வாங்கியிருந்தான்.

"என்னடா இது?" என்று கேட்டேன்.

"அது வந்து மாமா, போன்ல தட்டினா வாசல்லயே போட்டுட்டுப் போயிடறான்." தலையைச் சொறிந்தான். "ஆனா அப்பா எப்பவும் உங்க கடையப் பத்திதான் பேசுவாரு. அந்தத் தார் வாசனை இருக்கு பாருங்க, அதை இப்ப நினைச்சாலும்... சரி, இதை நீங்களே மாட்டிக் குடுத்துடுங்க. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை. அவர்கள் யாருமே பொய் சொன்னதில்லை.

இப்போது உங்கள் பைக்கு வருகிறேன். உங்கள் ஆய்வகம் நன்றாக வேலை செய்திருக்கிறது. படகை மேலே தூக்கி, துண்டை எடுத்து, பித்தளை என்று கண்டுபிடித்து, கடையில் அவன் வாங்கியது வெண்கலம் என்று ஒப்பிட்டு, ஒரே வாரத்தில் பித்தளை இப்படிப் பழுக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். சரியான கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அவர்களைப் பிடித்திருக்கும். ஆமாம், அது நான் மாட்டியது. கார்னெட்டைக் கொன்றது நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பேனாவை மூட வேண்டாம். எதையும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள். நீங்கள் கார்னெட்டின் படகைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள்.

போன வருடம் நடந்ததற்குப் பிறகு, இந்த வருடம் எல்லோருக்கும் பயம். சீசனுக்கு முன் ஒவ்வொருவரும் படகை என்னிடம் கொண்டு வந்து, 'அடிவால்வை மட்டும் நீங்க ஒரு கை பாத்துடுங்க' என்றார்கள். பார்த்தேன். கோடை முழுக்க என்னிடம் வாங்கியவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை; அவர்கள் நிம்மதியாகப் போய் வரலாம். மற்றவர்களுடையதையும் பார்த்தேன். லயலின் படகு. ராஃபியூஸ் சகோதரர்களின் படகு. ஐஸ்னர் வீட்டுப் படகு. இந்த வருடம் அவர்களுடைய மூத்த பெண்ணும் போயிருக்கிறாள். மஞ்சள் தொப்பி போட்டு, ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாளே, அவள்தான். நீங்களும் கையசைத்தீர்கள்.

வயர்லெஸ்ஸில் படகுகளைக் கூப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் புரிந்துகொள்ளுங்கள். மூடி கூடுகளுக்கு அடியில் இருக்கிறது. திறக்க வேண்டுமானால் கூடுகளை ஒவ்வொன்றாகக் கடலில் தள்ள வேண்டும். திரும்பி வரலாம் என்றால் அலை பக்கவாட்டில் அடிக்கும், வால்வுக்கு அது இன்னும் மோசம். வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் தாங்கும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் புரியும். நான் வேண்டுமானால் பேசுகிறேன். என் குரலுக்கு அவர்கள் கட்டுப்படுவார்கள்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்கிறீர்கள். ஆரம்பத்திலிருந்துதானே கேட்டீர்கள்.

வாசலில் நிற்கும் உங்கள் ஆட்களிடம் என் கடைக் கொட்டகையைப் பூட்ட வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள். உள்ளே நல்ல வெண்கலம் நிறைய இருக்கிறது, நாளைக்கு ஊரில் எல்லோருக்கும் தேவைப்படும். வந்துவிடுவார்கள். இந்த முறை வண்டி நிறுத்தவும் இடம் விட்டிருக்கிறேன்.